பதினெட்டரை ஓட்டு

கோர்ட்டுக் கூண்டுல என்னை ஏத்தி நிறுத்தி, "ஒங்க வீட்ல எத்தனை அடுப்பு?"ன்னு ஒரு வக்கீல் கேட்டாரு. நான் சத்தியம் பண்ணிட்டு "ரெண்டு"ன்னு சொன்னேன். இதை யாருகிட்டச் சொன்னாலும் சிரிக்கிறாக. எனக்குச் சிரிப்பு வர்றதில்ல. அடுப்பு எத்தனைன்னு சரியாத்தான் சொன்னேன். அடுத்த கேள்விக்குத்தான் தப்பாச் சொன்னேன், அது தப்புன்னு அன்னைக்கு எனக்கே தெரியாது. இந்த விவகாரத்துல நான் தெரிஞ்சு செஞ்சது எது, தெரியாமச் செஞ்சது எதுன்னு இத்தனை வருஷமாப் பிரிச்சுப் பாக்குறேன், ஒழுங்காப் பிரிய மாட்டேங்குது. எழுதுனாப் பிரியுமோன்னு ஒரு நப்பாசை.

காரைக்குடியில இருந்து கோட்டையூர் போற வழியில, ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ள தள்ளி எங்க காலனி. மொத்தம் இருபத்தோரு வீடு. பெரிய வீட்டுல பங்கு பிரிச்சுப் பிரிச்சு, ஆளுக்கு ஒரு அறையும் கால்வாசி முற்றமும் மிஞ்சுனதுல சலிச்சுப்போயி, எனக்கு ஒரு தனி வாசல் இருந்தாப் போதும்னு வந்த எங்க ஆளுக பாதிப் பேரு. காலேஜ் வாத்தியாரு, சாக்கோட்டைப் பக்கத்து விவசாயக் குடும்பம், தாலுகா ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவருன்னு மத்தவுக பாதி. வீடு அவுகவுகளுக்கு. நடுவுல இருக்கிற கிணறு, மோட்டார் ரூம், மேல்தொட்டி, அதைச் சுத்தின பொட்டல் எல்லாம் எல்லாருக்கும் பொது. அந்தப் பொது இடத்தைப் பாத்துக்கிறதுக்கு ஒரு சங்கம் இருந்துச்சு. பதிவு பண்ணின சங்கம், ரப்பர் ஸ்டாம்பு எல்லாம் உண்டு. எங்க மாமனார் அதுக்குத் தலைவரு.

மோட்டார் ரூமை ஒட்டி ஒரு கூரைச் சாய்ப்பு. அதுல மோட்டார் போடுறவரும் அவரு சம்சாரமும் ரெண்டு பொம்பளைப் பிள்ளைகளும் இருந்தாக. காலனி கட்டுன மேஸ்திரி கூட்டியாந்த சித்தாளு ஜோடி அது. வீடெல்லாம் முடிஞ்சு மத்தவுக போனப்ப, தண்ணி ஏத்துறதுக்கு ஆளு வேணும்ல, நீங்க இங்கனயே இருங்கன்னு யாரோ சொல்லியிருக்காக. யாரு சொன்னான்னு பின்னாடி கோர்ட்டுல கேட்டப்ப ஒருத்தருக்கும் ஞாபகம் இல்ல. வாயால சொன்னது, எழுத்துல ஒண்ணும் கிடையாது. அந்தப் பொண்ணு எனக்கு ரெண்டு மூணு வயசுதான் மூத்தவ. கல்யாணமாகி நான் வந்த புதுசுல, என் வீட்டுக்காரர் மெட்ராஸ்ல வேலையில இருந்தாக, மாசத்துக்கு ஒருக்கத்தான் வருவாக. பேச்சுத் துணைக்கு எனக்கு இருந்தது அவதான். எங்க ஆளுகள்ல கல்யாணமான பொம்பளைன்னா எந்த வயசானாலும் ஆச்சிதான், அவ என்னையும் ஆச்சின்னுதான் கூப்பிடுவா. காலையில சாமான் தேய்க்க வந்தா, காலனியில இருக்கிற இருபத்தோரு வீட்டு நியாயத்தையும் சொல்லிட்டுத்தான் போவா. இந்த விவகாரம் வந்தப்ப அவ பொண்ணுகள்ல பெரியவ ஒம்பதாவது படிச்சா. அவ குடும்பத்துல அவ்வளவு தூரம் படிச்ச மொத ஆளு அந்தப் பிள்ளைதான். இங்குட்டு இருந்தாத்தான் நடந்து போற தூரத்துல பள்ளிக்கூடம், ஊருக்குப் போனா ஆடு மேய்க்கணும்னு அவ சொல்லுவா.

இப்ப அந்த ரெண்டு அடுப்பைச் சொல்லணும். எங்க ஆளுகள்ல கல்யாணம் ஆன ஆம்பளை ஒவ்வொருத்தரும் ஒரு புள்ளி. கோயிலுக்கு வரி வாங்குறது, கணக்கெடுக்கிறது, விசேஷத்துக்குச் சொல்லுறது எல்லாம் புள்ளி வச்சுத்தான். புருஷனும் பொஞ்சாதியும் சேந்து ஒரு புள்ளி. புருஷன் போயிட்டா அந்தப் பொம்பளை அரைப் புள்ளி. அது போக, கல்யாணமாகிக் கொஞ்ச நாள்ல மகனையும் மருமகளையும் வேறு வைப்பாக. வேறன்னா சண்டை போட்டுப் பிரிக்கிறது இல்ல. அதே வீட்டுல அவுகளுக்குத் தனி அடுப்பு, தனிச் சாமான், அரிசி பருப்பு எல்லாம் குடுத்து, இனிமே ஒங்க பாட்டை நீங்க பாத்துக்கங்கன்னு நல்ல நாள் பாத்து வச்சு விடுறது. என்னையும் அப்படி வச்சாக. மாமியா முன்கட்டு அடுப்படியில ஆக்குவாக, நான் பின்கட்டுல ஆக்குவேன், நடுவுல ஒரு செவரு. ரெண்டு பேரும் ஒருத்தர் கொழம்பை இன்னொருத்தருக்குக் குடுத்து விட்டுக்கிட்டுச் சொகமாத்தான் இருந்தோம்.

எழுபதுகள் தொடக்கத்துல ஒருநாள் அந்தத் தாலுகா ஆபீஸ்காரர் ஒரு பேப்பரை எடுத்துக்கிட்டு மாமனாரைப் பாக்க வந்தாரு. மோட்டார்க்காரர் குடும்பம் பொது இடத்துல வந்து ஒக்காந்து பதினோரு வருஷம் முடிஞ்சுபோச்சு, பன்னிரண்டு முடிஞ்சா அனுபவ பாத்தியதையில இடம் அவுகளுக்கே போயிரும், நம்ம இருபத்தோரு பேரும் அவுககிட்டத் தண்ணிக்கு நிக்கணும்னாரு. பேப்பர்ல வேற, குடியிருக்கிறவனுக்கே குடியிருப்பு மனைன்னு அப்ப வந்த சட்டத்தைப் பத்திப் போட்டிருந்தான். அது விவசாயக் கூலிகளுக்கு, நமக்கு இல்லன்னு மாமனார் சொன்னாக. இன்னைக்கு அவுகளுக்கு, நாளைக்கு யாருக்கோன்னு அவரு சொன்னாரு. மாமனார் ஒரு வக்கீலைக் கேட்டாக. நீங்களா இருக்கச் சொல்லி இருக்கிறவுகளுக்கு எத்தனை வருஷம் ஆனாலும் பாத்தியதை வராது, அனுமதிச்சு வச்சிருக்கோம்னு ஒரு கடுதாசி மட்டும் எழுதி வாங்கிக்கங்கன்னாரு. தாலுகா ஆபீஸ்காரர் வேற வக்கீலைக் கேட்டாரு. கடுதாசி எழுதுனா அதுவே அவுகளுக்குச் சாட்சி ஆயிரும், மொதல்ல காலி பண்ணுங்கன்னாரு அந்த வக்கீல். ரெண்டு பேரும் சட்டம் படிச்சவுகதான். ஒரே கூரைச் சாய்ப்பைப் பாத்துட்டு ஒருத்தர் ஆமாங்கிறாரு, ஒருத்தர் இல்லங்கிறாரு. எனக்குத் தலையைச் சுத்துச்சு.

கடைசியில சங்கத்தைக் கூட்டி ஓட்டுப் போட்டுருவோம்னு முடிவாச்சு. கடுதாசி எழுதி இருக்க விடுறதா, காலி பண்ணச் சொல்லுறதா, அதுதான் கேள்வி. காரியதரிசி எங்க ஆளுதான், அவரு கோயில்ல பல வருஷமாப் புள்ளிக் கணக்கு எழுதுனவரு. ஓட்டுப் பட்டியல் எழுதுங்கன்னதும் மனுஷன் கை பழகின பக்கமே போயிருச்சு. வீடு வீடாப் போயி புள்ளி எழுதிட்டாரு. எங்க வீட்டுல ரெண்டு, மாமனார் ஒண்ணு, நாங்க ஒண்ணு. எதுத்த வீட்டுல மூணு மகன், நாலு புள்ளி. மூலை வீட்டு ஆச்சிக்குப் புருஷன் இல்ல, அதனால அரை. எங்க ஆளுக யாருக்கும் அதுல ஒரு வித்தியாசமும் தெரியல. மத்த வீட்டுக்காரவுகளும் சங்கம்னா இப்படித்தான் போலருக்குன்னு இருந்துட்டாக. காலேஜ் வாத்தியாரு மட்டும் அவுக அம்மாவுக்கு நேரா அரைன்னு எழுதியிருக்கிறதைப் பாத்துட்டுச் சிரிச்சாராம். அந்த அம்மா, அரை ஆளாக் கூப்பிடுற எடத்துக்கு நான் வர மாட்டேன்னு கூட்டத்துக்கே வரல. எனக்கு அன்னைக்கு அது கொழுப்பாத் தெரிஞ்சுச்சு.

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில, மேல்தொட்டி நெழல்ல பெஞ்சு போட்டுக் கூட்டம். வெளியூர்ல இருக்கிற ஆம்பளைகளுக்குப் பதிலா பொம்பளைக கை தூக்கலாம், ஒரே புள்ளிதானேன்னு காரியதரிசி சொல்லிட்டாரு. அதனால நானும் போனேன். இருக்கட்டும்னு நான் கை தூக்குனேன். யோசிக்கவே இல்ல. அவ மோட்டார் ரூம் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தா, நான் வேற எதுக்குத் தூக்க முடியும்? மாமனார் தூக்குனாக. மூலை வீட்டு ஆச்சியும் தூக்குனாக. காரியதரிசி எண்ணிட்டு, காலி பண்ணணும்னு பதினெட்டு, இருக்கட்டும்னு பதினெட்டரைன்னு படிச்சாரு. அரைப் புள்ளியில ஜெயிச்சாச்சு. அவ அன்னைக்குச் சாயங்காலம் வீடு வீடாப் போயி அவிச்ச கடலை குடுத்தா. மூலை வீட்டு ஆச்சிக்கு ரெண்டு படி.

தாலுகா ஆபீஸ்காரர் அந்தத் தீர்மானம் செல்லாதுன்னு தாவா போட்டுட்டாரு. சங்கத்தோட விதிப் புத்தகத்துல, மனைக்குக் கிரயப் பத்திரம் யார் பேர்ல இருக்கோ அவுகதான் உறுப்பினர், உறுப்பினருக்கு ஒரு ஓட்டுன்னு பளிச்சுன்னு எழுதியிருக்காம். அதை அச்சடிச்சுக் குடுத்ததே எங்க மாமனார்தான். ஆனா அவுக உட்பட ஒருத்தரும் அதைத் திறந்து பாக்கல. ஒரே வீட்டுல ரெண்டு ஓட்டுப் போட்டதுக்குச் சாட்சியா என்னைக் கூப்பிட்டாக. தேவகோட்டைக் கோர்ட்டுக்குப் பஸ்ல போறப்ப மாமியா என் பக்கத்துல ஒக்காந்து, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, அடுப்பைப் பத்தி எல்லாம் எதுக்குக் கேக்கப் போறாகன்னு தைரியம் சொல்லிக்கிட்டே வந்தாக. அடுப்பைப் பத்தித்தான் மொதக் கேள்வியே.

அடுத்த கேள்வி, நீங்க இருக்கிற வீடு யாருதுன்னு. இது என்ன கேள்வி, மாமனார் வீடுன்னேன். அப்ப ஒங்களுக்கு எப்படி ஓட்டு வந்துச்சுன்னாரு. எங்களை வேறு வச்சுட்டாகன்னேன். ஜட்ஜுக்குப் புரியல. அவரு வேற பக்கத்துக்காரரு போல. எங்க இருந்து வேறு வச்சாக, இப்ப எங்க இருக்கீங்கன்னு கேட்டாரு. அங்கனயேதான் இருக்கோம்னேன். அவரு பேனாவைக் கீழ வச்சுட்டாரு. காரியதரிசியைக் கூப்பிட்டுப் பட்டியலை வாங்கிப் பாத்தாரு. பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இதுல அரைன்னு போட்டிருக்கே, அது யாரு?"ன்னாரு. பின்னாடி பெஞ்சுல இருந்து மூலை வீட்டு ஆச்சி மெதுவா எந்திரிச்சு, "நாந்தேன் அய்யா அந்த அரை"ன்னாக. கோர்ட்டுல எல்லாரும் சிரிச்சாக, ஜட்ஜும் சிரிச்சுட்டாரு. ஆச்சி சிரிக்கல. அன்னைக்குத்தான் எனக்கு வாத்தியாரோட அம்மா ஏன் கூட்டத்துக்கு வரலன்னு கொஞ்சம் ஒறைச்சுச்சு.

தீர்ப்பு ரெண்டே பக்கம். தீர்மானம் செல்லாது. பத்திரம் யார் பேர்லயோ அவுக மட்டும், நேர்ல வந்து, சீட்டுல எழுதி, மறுபடி ஓட்டுப் போடணும். அதை நடத்துறதுக்குக் கமிஷனர்னு ஒரு வக்கீலைப் போட்டுவிட்டாக. அவரு வந்து, எல்லாரும் பத்திரத்தைக் கொண்டாங்கன்னாரு. அங்க பிடிச்சுச்சு அடுத்த குழப்பம். ஒரு வீட்டுப் பத்திரம் செத்துப்போன அப்பா பேர்ல இருந்துச்சு. எதுத்த வீடு மூணு பேர் பேர்ல, மூணு பேரும் பேசிக்கிறது இல்ல. அவுகள்ல யாரு ஓட்டுப் போடுறதுன்னு கமிஷனர் ஒரு நாள் முழுக்கப் பேசி, கடைசியில வீட்டுக்கு ஒருத்தர்னு முடிச்சாரு. மூலை வீட்டு ஆச்சி வீடு அவுக பேர்லயே இருந்துச்சு. அதனால அரையா இருந்த ஆச்சிக்கு ஒரு முழு ஓட்டு. ஆச்சி என்கிட்ட வந்து, ஒரு தாளைக் காட்டுனதும் நான் முழுசாயிட்டேனே, இத்தனை வருஷமா அது பொட்டிக்குள்ளதானே கெடந்துச்சுன்னு கேட்டாக. அவுக கேலி பண்ணுறாகளா வருத்தப்படுறாகளான்னு எனக்குத் தெரியல.

எங்க பத்திரத்தை மாமனார் இரும்புப் பொட்டியில இருந்து எடுத்தாக. கண்ணாடி இல்ல, நீ படின்னு என்கிட்டக் குடுத்தாக. இன்னாரு எழுதிக்குடுத்த கிரயப் பத்திரம், எழுதி வாங்கிக்கிட்டதுன்னு வந்த எடத்துல என் பேரு இருந்துச்சு. எங்க அப்பச்சி மகள்னும் என் வீட்டுக்காரர் சம்சாரம்னும் போட்டு, நடுவுல நான். மறுபடி மொதல்ல இருந்து படிச்சேன். என் பேருதான்.

"ஒன் சீதனத்துல வாங்குன வீடு ஆத்தா, வேற யாரு பேர்ல எழுதுறது?"ன்னாக மாமனார். எனக்குத் தெரியும்னு நெனச்சுக்கிட்டே இத்தனை வருஷம் இருந்திருக்காக. வாங்குறவுக போயி நிக்க வேண்டியதில்ல, விக்கிறவுக கையெழுத்துப் போட்டாப் போதுமாம். யாரும் ஒளிச்சு வைக்கல, யாரும் சொல்லவும் இல்ல. நான் என் வீட்டுலயே பின்கட்டுல ஒரு அடுப்பை வாங்கிக்கிட்டு, இதாவது நமக்குன்னு இருக்கேன்னு சந்தோஷமா இருந்திருக்கேன். அது மட்டுமா? சத்தியம் பண்ணி மாமனார் வீடுன்னு கோர்ட்டுல சொல்லிட்டு வந்திருக்கேன். ஜெயில்ல போடுவாகளான்னு கமிஷனர்கிட்டக் கேட்டேன். அவரு, தெரியாமச் சொன்னதுக்குப் போட ஆரம்பிச்சா ஜெயில்ல இடம் இருக்காதும்மான்னாரு. இன்னொரு கூத்து, மாமனார் பேர்ல காலனியில ஒரு அடி மனை கூடக் கிடையாது. இத்தனை வருஷமாத் தலைவரா இருந்தவுக உறுப்பினரே இல்ல. அன்னைக்கே ரெண்டு வரி எழுதி ரப்பர் ஸ்டாம்பைக் காரியதரிசிகிட்டக் குடுத்துட்டாக. எனக்குப் பாவமாப் போச்சு. நான் என்ன சொல்லுறது, என் பேருதானே அங்க இருக்கு.

அந்தப் பத்திரத்தை நான் திருப்பிக் குடுக்கல. நான் வச்சுக்கிறேன்னேன். மாமனார் சரின்னுட்டாக. அடுப்படியில ஒக்காந்து தெனமும் படிச்சேன். நாலு எல்லை சொல்லி, கதவு சன்னல் சொல்லி, கடைசியில, பொது இடத்துல பிரிபடாத இருபத்தொண்ணுல ஒரு பாகமும் சேத்துன்னு இருந்துச்சு. பிரிபடாத பாகம்னா எங்கன இருக்கு, எந்த மூலைன்னு எனக்கு விளங்கல. கிணத்தங்கரைக்குப் போறப்பவெல்லாம் பொட்டலைப் பாப்பேன். இதுல எனக்கும் இருக்குன்னு தோணும். அப்புறம் அந்தக் கூரைச் சாய்ப்பைப் பாப்பேன். அவ சாய்ப்புக்கு முன்னாடி புதுசா ஒரு முருங்கைக் கொம்பு ஊனியிருந்தா. பதினோரு வருஷமாப் பாத்த எடம், அவ என்னென்னவோ நட்டிருக்கா, கீரை குடுத்திருக்கா, வாங்கித் தின்னிருக்கேன். அந்த முருங்கையைப் பாத்ததும் தண்ணிக் கொடத்தை எறக்கி வச்சுட்டு நின்னுட்டேன். இவ மரம் வைக்கிறாளே, இவ போக மாட்டா போலருக்கேன்னு. எனக்கே அசிங்கமா இருந்துச்சு. மறுநாளும் அதையேதான் பாத்தேன்.

என் வீட்டுக்காரருக்கு மெட்ராஸுக்கு எழுதிக் கேட்டேன். ஒன் வீடு, ஒன் ஓட்டு, ஒனக்குத் தோணுறதைச் செய்யின்னு பதில் வந்துச்சு. கல்யாணமாகி அதுவரைக்கும் அவுக அப்படி ஒரு வரி எழுதுனதே இல்ல. எனக்குக் கோபந்தான் வந்துச்சு. இதைச் செய்யி, அதைச் செய்யின்னு சொல்லியிருந்தா அவுக மேல பழியைப் போட்டுட்டுப் போயிருப்பேன். தாலுகா ஆபீஸ்காரர் சம்சாரம் ஒருநாள் வந்து, ஒங்க அப்பச்சி போட்ட சீதனம், அதுல இருந்து ஒரு கை மண்ணை விடுவீகளான்னு கேட்டுட்டுப் போனாக. அதை நான் மனசுல வாங்கிக்கிட்டேன்.

ஓட்டுப் போடுற அன்னைக்குக் கமிஷனர் மோட்டார் ரூமுக்குள்ள மேசை போட்டு ஒக்காந்திருந்தாரு. ஒவ்வொருத்தரா உள்ள போயி, சீட்டை வாங்கி, தட்டி மறைவுல பெருக்கல் குறி போட்டுப் பொட்டியில போடணும். சீட்டுல ரெண்டு கட்டம். மேல, இருக்கட்டும். கீழ, காலி பண்ணட்டும். மூலை வீட்டு ஆச்சிக்குக் கண்ணுல பொரை விழுந்திருந்துச்சு, எழுத்துத் தெரியாது. நீ வந்து போட்டுக் குடுன்னு என்னைக் கூப்பிட்டாக. கமிஷனரும் சரின்னாரு. தட்டிக்குப் பின்னாடி ரெண்டு கட்டத்தையும் படிச்சுச் சொன்னேன். ஆச்சி என் காதுக்கிட்ட வந்து, "மேல போடு. பெரியவ படிக்கணும்ல"ன்னாக. மேல போட்டேன். மடிச்சு அவுக கையில குடுத்தேன், அவுகளே பொட்டியைத் தடவிப் பாத்துப் போட்டாக.

அடுத்து என் சீட்டு. தட்டிக்கு அங்குட்டு மாமனார் நிக்கிறாக, அவுக குரல் கேக்குது. ஓட்டு இல்லன்னாலும் எல்லாருக்கும் தண்ணி எடுத்துக் குடுத்துக்கிட்டு இருந்தாக. நான் மேல போடத்தான் பென்சிலைக் கொண்டு போனேன், அது சத்தியம். கை கீழ போயிருச்சுன்னு சொன்னா நீங்க நம்ப மாட்டீக, நானும் நம்பல. கீழதான் போட்டேன். ஒரு கோடு போட்டுட்டு நிறுத்துனேன், அப்பவும் மாத்தியிருக்கலாம். ரெண்டாவது கோட்டையும் போட்டேன்.

இருக்கட்டும்னு பத்து. காலி பண்ணட்டும்னு பதினொண்ணு. காரியதரிசி முகம் செத்துப்போச்சு. அவரு கணக்குப்படி நம்ம பக்கம் பதினொண்ணு வரணும், ஒருத்தரு மாறிட்டாக. யாருன்னு யோசிக்க எல்லாருக்கும் ரெண்டு நிமிஷந்தான் ஆச்சு. மூலை வீட்டு ஆச்சியோட புருஷன் செத்தப்ப, தாலுகா ஆபீஸ்காரர்தான் மனு எழுதிக் குடுத்து அலைஞ்சு எல்லாம் முடிச்சுக் குடுத்தவரு. அந்த நன்றிக் கடன், முழு ஓட்டு வந்ததும் புத்தி மாறிப்போச்சுன்னு பேசிக்கிட்டாக. மாமனார் கூட வீட்டுக்கு வந்து, அரையா இருந்தப்ப இருந்த மனசு இப்ப இல்ல பாத்தியான்னாக. ஆச்சி சீட்டைப் போட்டது நானுன்னு மாமனாருக்குத் தெரியும். அவுக சொன்னதைத்தானே நீ போட முடியும்னு என்னைச் சமாதானம் வேற பண்ணுனாக. நான் சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே இருந்தேன்.

ஒரு மாசத்துல அவுக காலி பண்ணுனாக. கூரையைப் பிரிச்சு, கம்பை எல்லாம் கட்டி வண்டியில ஏத்துனாரு மோட்டார்க்காரர். பெரிய பிள்ளை பள்ளிக்கூடத்துல பேரை வெட்டியாச்சு. மோட்டார்க்காரர் சம்சாரம் என் பின்கட்டுக்கு வந்து நின்னா. மோட்டார் ரூம் சாவியை என்கிட்டத்தான் குடுத்தா, தலைவரு இல்லாததுனால. எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டேன், மூலை வீட்டுக்கு மட்டும் போகலன்னு சொன்னா.

"ஆச்சி, நீங்க எங்களுக்குத்தேன் போட்டீக. அதை நான் மறக்க மாட்டேன்"னா.

நான் சாவியை வாங்கிக்கிட்டேன். பெரியவளுக்கு ஒரு பாவாடைத் துணியும், வழிக்குக் கட்டுச்சோறும் குடுத்தேன். அவ கண்ணைத் தொடைச்சுக்கிட்டு வாங்கிக்கிட்டா. இல்லன்னு சொல்ல வாயைத் திறந்தேனான்னு கேட்டா, திறந்தேன், கட்டுச்சோத்துக்கு எலை பத்துமான்னு கேட்டேன். வண்டி ரோட்டுக்குப் போற வரைக்கும் வாசல்ல நின்னேன்.

அதுக்கப்புறம் காலனியில யாரும் மூலை வீட்டு ஆச்சிகிட்டச் சண்டை போடல. பேச்சைக் கொறைச்சுக்கிட்டாக, அவ்வளவுதான். விசேஷத்துக்கு மொத ஆளாக் கூப்பிடுற வழக்கம் போயிருச்சு. ஆச்சி ஒருநாள் மத்தியானம் செவரைப் பிடிச்சுப் பிடிச்சு என் பின்கட்டுக்கு வந்தாக. ஒக்காரச் சொன்னேன், ஒக்காரல.

"ஏத்தா, நான் அன்னைக்கு மேலன்னுதானே சொன்னேன்?"னாக. "எல்லாரும் நாந்தேன் மாத்திப் போட்டேன்னு சொல்லுறாக. நீ சரியாத்தானே போட்ட?"

"சரியாத்தான் போட்டேன், ஆச்சி"ன்னேன். அது நெசந்தான். ஒரு எழுத்து பொய்யில்ல.

பொரை விழுந்த அந்தக் கண்ணு என் பக்கந்தான் இருந்துச்சு, என்னைப் பாத்துச்சான்னு தெரியல.

"அப்ப நாந்தேன் கீழன்னு சொல்லிட்டேன் போல"ன்னாக. "வயசாச்சுல்ல. அந்தப் பிள்ளை படிப்பை நானே கெடுத்துட்டேன்."

இல்ல ஆச்சி, நீங்க மேலன்னுதான் சொன்னீகன்னு சொல்லுறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அடுப்புல பால் இருக்கு, பொங்கிரும்னு சொல்லிட்டு நான் உள்ள போயிட்டேன். அடுப்புல பால் இல்ல. அடுப்பே பத்த வைக்கல. அவுக செவரைத் தடவிக்கிட்டே திரும்பிப் போற சத்தம் நிக்கிற வரைக்கும் அங்கனயே நின்னேன்.